பெடல் ஆடினால்

முள்ளு மெக்கானிக் என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் அவர் பட்டறைக்கு வழி சொல்வார்கள். பெயருக்குக் காரணம் இரண்டு. ஒன்று, அவரிடம் இருந்த கேஜ். கைக்கடிகாரத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், நடுவில் ஒரு முள். சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிஸ்க்கில் அதை முட்டுக் கொடுத்து வைத்துவிட்டு டிஸ்க்கைக் கையால் சுற்றினால், தலைமுடி அளவு கோணல் இருந்தாலும் முள் ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். மற்ற மெக்கானிக்குகள் ஒரு தடவு தடவிவிட்டு "டிஸ்க் போச்சு சார்" என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில், இவர் மண்டியிட்டு அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது காரணம் அவருடைய வாய். அதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அதுவே பேசும்.

"வண்டிய ஓட்டினீங்களா, இல்ல உருட்டி விளையாடினீங்களா?" என்பதுதான் புது வாடிக்கையாளருக்கு அவர் சொல்லும் வணக்கம். அவர் கடித்து அனுப்புகிற ஆட்களை முன்னறையில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி தேற்றி அனுப்புவாள். போன் எடுப்பது, வண்டி எப்போது தயாராகும் என்று சொல்வது, கோபித்துக்கொண்டு போனவர்களை மறுபடி வரவழைப்பது எல்லாம் அவள் வேலை. "ஊர் வண்டிக்கெல்லாம் பிரேக் போட்டுக் குடுக்கறீங்களே, உங்க வாய்க்கு ஒண்ணு போட்டுக்கக் கூடாதா?" என்பாள். அவரைப் பார்த்து அப்படிச் சொல்லும் தைரியம் அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

ஒரே மகள். அவளுடைய கணவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். வாயில்லாப் பூச்சி. டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே எடுத்துக் கொடுத்து, எப்போது, எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லி அனுப்புவது அவர் தொழில். ஒரு எழுத்து மாறினால் ஒரு உயிர் என்று கற்றுக்கொண்ட மனிதர். வெளியிலும் அப்படித்தான். "மழை வரும், குடை எடுத்துட்டுப் போங்க" என்று மாமியார் சொன்னால், வெயில் கொளுத்தினாலும் சாயங்காலம் வரை குடை கையில் இருக்கும். கார் ஓட்டவே கல்யாணத்துக்கு அப்புறம்தான் கற்றுக்கொண்டார். மெக்கானிக்குக்கு இந்த மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணுவதில் ஒரு சந்தோஷம். பிடிக்காமல் இல்லை. தன்னை யாரும் இவ்வளவு நம்பியதில்லை என்பது அவருக்கே தெரியும்.

ஒரு நாள் காலை மாப்பிள்ளை காரோடு வந்து நின்றார்.

"மாமா, பிரேக் போட்டா பெடல் ஆடுது."

"பெடல் மட்டும் ஆடுதா, ஸ்டீயரிங்கும் சேர்ந்து ஆடுதா?"

"ரெண்டும் மாமா. கொஞ்சம் வேகமா போயிட்டு நிறுத்தும்போது கை, கால் எல்லாம் உதறுது."

"அப்போ முன்சக்கரம். பெடல் மட்டும் ஆடி, ஸ்டீயரிங் சும்மா இருந்தா வேற கதை. ரெண்டும் ஆடினா முன்னாடிதான் வியாதி. டாக்டர் சொன்னா நம்புவீங்கள்ல, ஏறுங்க."

இருவரும் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். காலியான நீளத் தெருவில் மெக்கானிக் கால் பிரேக்கைத் தொடாமல் கைப்பிரேக்கை மெல்ல இழுத்துப் பார்த்தார். கைப்பிரேக் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். ஆட்டமே இல்லை. கால் பிரேக்கைப் போட்டால் உடனே தடதட. பட்டறைக்கு வந்து முன்பக்கத்தைத் தூக்குவதற்கு முன் சக்கர நட்டுகளைத் தளர்த்தப் போனால், ஒரு நட்டு விரலில் பிடித்துத் திருகினாலே வந்துவிடும் போல இருந்தது; பக்கத்து நட்டில் ஸ்பேனரை மாட்டி அவர் ஏறி நின்றும் அசையவில்லை.

"யோவ்!" என்று மதில் சுவருக்கு மேலே கத்தினார். அந்தப் பக்கம் டயர் கடை. "இந்த வண்டிக்கு டயர் மாத்தினது நீதான? நட்டு முடுக்கினியா, இல்ல கோபத்தைத் தீர்த்துக்கிட்டியா?"

"மெஷின்ல முடுக்கினதுப்பா!" என்று டயர் கடைக்காரர் அங்கிருந்தே பதில் சொன்னார். "மெஷினைக் கேளு!"

முள்ளை வைத்தார். டிஸ்க்கைச் சுற்றச் சுற்ற முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் போய் வந்தது. மாப்பிள்ளை குனிந்து வாய் பிளந்து பார்த்தார். டிஸ்க்கைக் கழற்றியதும் விஷயம் வெளியே வந்தது. டிஸ்க் போய் உட்காரும் இடத்தில் செதில் செதிலாகத் துரு. அதன் மேல் உட்கார்ந்த டிஸ்க் கோணலாகச் சுற்றி, ஒரே இடத்தில் தேய்ந்து, தடிமன் ஏறி இறங்கிப் போயிருந்தது. நட்டை ஏறுக்கு மாறாக முடுக்கியது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

"டிஸ்க் தானா கெட்டுப் போகல மாப்பிள்ளை. உட்கார்ந்த இடம் சரியில்ல. இதைச் சுத்தம் பண்ணாம புது டிஸ்க் போட்டா, நாலு மாசத்துல மறுபடி இதே ஆட்டம்."

கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்தார். இரண்டு பக்கமும் புது டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் புது பேட். நட்டுகளை எதிரெதிராக ஒவ்வொன்றாக, அளவு காட்டும் ஸ்பேனரால் முடுக்கினார். மறுபடி முள்ளை வைத்துச் சுற்றினார். முள் ஆடவில்லை. இதிலெல்லாம் அவரைக் குறை சொல்ல முடியாது. வேலை சுத்தமான வேலை.

பிசகு அதற்கப்புறம் நடந்தது. கையைத் துடைத்துக்கொண்டே கார் ஜன்னலில் சாய்ந்து அவர் சொன்னார்: "புது டிஸ்க், புது பேட். ஒண்ணோட ஒண்ணு பழகணும். அழுத்தி மிதிக்காதீங்க. பெடல் ஆடிச்சுன்னா காலை எடுத்துடுங்க. எடுத்துட்டு மறுபடி மெதுவா வைங்க."

"ஆடினா காலை எடுக்கணும். மறுபடி மெதுவா வைக்கணும்," என்று மாப்பிள்ளை திருப்பிச் சொன்னார். பிறகு, தொழில் புத்தி, "எத்தனை நாளைக்கு மாமா?" என்று கேட்டார்.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதென்ன மாத்திரையா, நாள் கணக்கு சொல்ல? நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

முன்னறையிலிருந்து அவர் மனைவியும் சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

பெடல் ஆடினால் காலை எடு என்ற அந்த வார்த்தை, மெக்கானிக் யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை. நாக்கில் பழகிக் கிடந்த வார்த்தை. அவர் தொழில் கற்ற காலத்து வண்டிகளில், ஈரத்தில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். காலை எடுத்து மறுபடி மிதிக்க வேண்டும். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோதும் இதையேதான் சொன்னார். போதும் என்று மாப்பிள்ளையிடம் சொல்ல அவருக்கு அப்புறம் ஞாபகமே இல்லை. யாருக்குத்தான் இருக்கும்?

மழைக்காலம் வந்தது. அவர் மனைவிக்குக் கண்ணில் புரை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் மெக்கானிக் ஒரு கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளுக்கு அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. "நான் கூட்டிட்டுப் போறேன் அத்தை," என்று மாப்பிள்ளை வந்தார். பின்சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும். முன்சீட்டில்தான் ஏறினாள். மழை பிடித்துக்கொண்டது. பாலத்து வளைவைத் தாண்டியதும், பழுதாகி நின்ற லாரி ஒன்று. கார் போய் அதன் பின்னால் செருகிக்கொண்டது. செருகியது அவள் பக்கம்.

அவள் அங்கேயே போய்விட்டாள். மாப்பிள்ளைக்குக் கையும் விலாவும் ஒடிந்தது.

மெக்கானிக் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவர் கையில் கியர் ஆயில் காயவில்லை. மனைவியைப் பார்த்தார். பார்த்ததைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை, நானும் சொல்லப் போவதில்லை. வெளியே வந்து நடையில் நின்றபோது, பக்கத்து அறையில் போலீஸ்காரர் கேள்வி கேட்பதும் மாப்பிள்ளை பதில் சொல்வதும் காதில் விழுந்தது.

"பிரேக் போட்டேன் சார். பெடல் ஆடுச்சு."

அது ஒன்று போதுமாக இருந்தது. அழ வேண்டிய மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அழுகை தள்ளிப் போகும், அதனால் அதை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெடல் ஆடுச்சாம். நான் கை வச்ச வண்டியில. நான் முள்ளு வச்சுப் பார்த்த பிரேக்ல.

காரியமெல்லாம் முடிந்து வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது, எல்லார் முன்னாலும் அவர் அதைச் சொன்னார். "பார்த்து ஓட்டல, மோதிட்டேன்னு சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன். மனுஷன்னா தப்பு வரும். பெடல் ஆடுச்சுன்னு என் தலையில கட்டப் பார்க்கிறான் பாருங்க. அவன் செஞ்சதுக்கு என் பிரேக் மேல பழி."

அதுவரை மாப்பிள்ளையை 'அவர்', 'வாங்க', 'போங்க' என்று தவிர வேறு மாதிரி அவர் பேசியதில்லை. 'அவன்' என்று விழுந்ததும் மூலையில் உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அதற்கடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அப்பா வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரி பார்த்துவிட்டு, பிரேக்கில் கோளாறு ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டார். மெக்கானிக்குக்கு அது போதவில்லை. காரைக் கட்டி இழுத்துவந்து பட்டறையில் போட்டதும், தானே பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஒரு பக்கம் நசுங்கிச் சுருண்டு கிடந்தது. ஓட்டுநர் பக்கச் சக்கரம் மட்டும் அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றி முள்ளை வைத்தார். மகளை வரச் சொன்னார்.

"பாரு. நீயே உன் கண்ணால பாரு."

டிஸ்க்கைச் சுற்றினார். முள் வைத்த இடத்தில் நின்றது.

"முள்ளுக்கு மாமனும் தெரியாது, மருமகனும் தெரியாது. இந்தப் பெடல் ஆடல. அவன் பொய் சொல்றான்."

மகள் பார்த்தாள். அவளுக்கும் அந்த முள்ளை நம்பித்தான் பழக்கம். சின்ன வயதிலிருந்து சோறு போட்ட முள். "போதும்பா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். முள் பொய் சொல்லவில்லை. அவர்தான் அதனிடம் தப்பான கேள்வியைக் கேட்டுவிட்டு, கிடைத்த பதிலைத் தூக்கிக்கொண்டு ஆடினார். கோபத்தில் இருக்கிறவன் தன் கை சுத்தமா என்று மட்டும்தான் பார்ப்பான்.

அதோடு விட்டிருந்தால் கடைசிவரை நிம்மதியாகக் கோபப்பட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். விடவில்லை. மாப்பிள்ளை தன் வாயால் "நான் பொய் சொன்னேன்" என்று சொல்ல வேண்டும் என்று ஆசை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மாப்பிள்ளை தன் அண்ணன் வீட்டு மாடியில் இருந்தார். ஒரு பகல் நேரம் மெக்கானிக் படியேறிப் போனார்.

சின்ன அறை. கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னல் ஓரமாக மாத்திரைகள், எப்போது எது என்று வரிசையாக. கையில் கட்டோடு மாப்பிள்ளை எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. சவரம் பண்ணிப் பல நாள் ஆகியிருந்தது.

"வாங்க மாமா."

மெக்கானிக் உட்காரவில்லை. "வண்டிய நானே பார்த்தேன். பிரேக்ல ஒரு குத்தமும் இல்ல."

"ஆமா மாமா. போலீஸ்லயும் அதான் சொன்னாங்க." மாப்பிள்ளை போர்வையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு. பெடல் ஆடவே இல்லையோ? எனக்குத்தான் அப்படித் தோணிச்சோ? கண்ணை மூடினா கால் அடியில அது ஆடுது மாமா. ஆனா ஆடலைன்னு எல்லாரும் சொல்றீங்க. தூங்க முடியல. எனக்குப் புத்தி பிசகிடுச்சோன்னு பயமா இருக்கு."

"என்ன ஆச்சுன்னு ஒழுங்கா சொல்லுங்க." மெக்கானிக்கின் வாயில் 'ங்க' தானாக வந்து ஒட்டிக்கொண்டது. வண்டிக் கோளாறைச் சொல்ல வருகிற யாரிடமும் அவர் அப்படித்தான் கேட்பார்.

"லாரியப் பார்த்தேன். அழுத்தி மிதிச்சேன். மிதிச்ச உடனே காலுக்கு அடியில தடதடதடன்னு..."

"ஸ்டீயரிங்?"

"என்ன மாமா?"

"ஸ்டீயரிங் ஆடுச்சா?"

மாப்பிள்ளை யோசித்தார். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிற மனிதர். "இல்ல. ஸ்டீயரிங் சும்மா இருந்துச்சு. பெடல் மட்டும்தான். கர்கர்னு ஒரு சத்தம் கூட வந்துச்சு, முன்னாடி எங்கயோ இருந்து. பெடல் என் காலைத் திருப்பித் தள்ளின மாதிரி இருந்துச்சு."

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பெடல் மட்டும். கர்கர் சத்தம். ஈரத் தரை. அழுத்திய மிதி. எந்தக் கற்றுக்குட்டியைக் கேட்டாலும் சொல்வான். ஏபிஎஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, வண்டியே பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். அப்போது பெடல் ஆடும். ஆடினால் வண்டி தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். ஓட்டுகிறவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கால் அப்படியே அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

"அப்புறம்?" என்றார். கேட்க வேண்டாம் என்று தோன்றியது, வாய் கேட்டுவிட்டது.

"காலை எடுத்தேன் மாமா. நீங்க சொன்ன மாதிரி. மறுபடி மெதுவா வச்சேன். வண்டி நிக்கல. அழுத்தினேன், மறுபடி ஆடுச்சு. மறுபடி எடுத்தேன். அத்தை கத்தினாங்க. நான் சரியாத்தான் செஞ்சேன் மாமா. நீங்க சொன்னதை ஒண்ணு விடாம செஞ்சேன்."

அந்த முகத்தில் குற்றம் சாட்டுகிற எண்ணமே இல்லை. அதுதான் கொடுமை. மருந்தைச் சொன்ன அளவில் கொடுத்தும் நோயாளி ஏன் பிழைக்கவில்லை என்று புரியாமல் கேட்கிற முகம். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரிதான். 'ஆடினது நிஜம் மாப்பிள்ளை, தப்பு என்னுது.' ஆனால் மெக்கானிக் "உடம்பைப் பார்த்துக்கங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து படியிறங்கிவிட்டார். ஊரே பயப்படுகிற வாய், வேண்டிய நேரத்தில் செத்துப் போனது.

பட்டறைக்கு வந்து வேலையில் உட்கார்ந்தார். யாருக்கும் தெரியப் போவதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போகாமல் உட்கார்ந்துவிட்டது. அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் அவரையும் சேர்த்து மூன்று பேர். ஒருத்தி போய்விட்டாள். இன்னொருவருக்கு அந்த வார்த்தைதான் காரணம் என்றே தெரியாது. சொன்னால் என்ன லாபம், போனவள் வரவா போகிறாள் என்று தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடினார். முன்னறையில் போன் அடித்தது. எடுக்க ஆள் இல்லாமல் அடித்து ஓய்ந்தது. அவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, அன்றுதான் முதல் தடவையாக அழுதார்.

மறுநாள் மத்தியானம் மகள் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். எதிரில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டே, "வேற ஊருக்கு மாத்தல் கேட்டிருக்கேன்," என்றாள். "இனிமே அவன்கூட இருக்க முடியாதுப்பா. அம்மாவைக் கொன்னுட்டு, உங்க மேல பழியைப் போட்டான். அவன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவன். கட்டின நாள் முதல் கணவரைப் பற்றி அவள் வாயில் வராத வார்த்தை. எங்கிருந்து வந்தது என்று மெக்கானிக்குக்குத் தெரியும். எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஜன்னலில் சாய்ந்து சொன்ன வார்த்தை, மாடியில் கேட்ட பதில், ஏபிஎஸ், எல்லாம்.

மகள் கேட்டாள். கேட்டு முடித்ததும், அவர் கொஞ்சமும் எதிர்பாராத மாதிரி, பரிதாபமாக அவரைப் பார்த்தாள்.

"அவங்க அண்ணன் வந்து கெஞ்சினாரா?"

"யாரும் வரல. நடந்ததைச் சொல்றேன்."

"நான் தனியா நின்னுடுவேன்னு பயந்துட்டீங்க. அதுக்காகப் பழியை நீங்க ஏத்துக்கறீங்க. வேணாம்பா. நீங்கதான முள்ளை வச்சுக் காட்டினீங்க? நீங்கதான எல்லார் முன்னாடியும் பொய்னு சொன்னீங்க? இப்போ ஆடுச்சுங்கறீங்க. காலை எடுக்கறதும் வைக்கறதும் எனக்கும்தான சொல்லிக்குடுத்தீங்க? நான் ஒண்ணும் போய் மோதலையே."

தன் பொய்யை ஊரை நம்ப வைத்த மனிதருக்கு, தன் உண்மையைப் பெற்ற மகளை நம்ப வைக்க முடியவில்லை. எழுந்து கை கழுவினார். மதில் சுவரிடம் போய் டயர் கடைக்காரரின் காரைக் கேட்டு வாங்கினார்.

பட்டறைக்குப் பின்னால் மூடிக் கிடக்கிற ஒரு கிடங்கு. அதன் முன்னால் நீளமான சிமென்ட் தரை, பாசி பிடித்து, காலையில் பெய்த மழைத் தண்ணீரோடு பளபளத்துக் கிடந்தது. மகளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். தரையின் நடுவில் ஒரு பழைய டயரைப் போட்டிருந்தார்.

"அந்த டயரைத் தாண்டினதும் முழுசா மிதி. பெடல் ஆடும். ஆடினாலும் காலை எடுக்காதே. கத்தற மாதிரி சத்தம் வரும். எடுக்காதே."

"சரி."

வேகமுள் ஏறுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். டயர் பக்கத்தில் கடந்தது. "மிதி!" என்றார். அவள் மிதித்தாள். காலுக்கடியில் தடதடவென்று உதைத்தது, முன்னால் எங்கோ கர்கரென்று கடித்தது, மகள் "ஐயோ" என்று காலை வெடுக்கென்று எடுத்துவிட்டாள். கார் பாசியில் வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி மிதித்தாள், மறுபடி உதைத்தது, மறுபடி கால் வந்துவிட்டது. கிடங்குச் சுவருக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு வழியாக நின்றது.

ஆடும் என்று தெரிந்திருந்தது. எடுக்காதே என்று இப்போதுதான் கேட்டிருந்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

மெக்கானிக் இறங்கி, காரின் மூக்கு நின்ற இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வந்து ஏறினார். "மறுபடி. அதே வேகம். இந்தத் தடவை என்ன ஆனாலும் கால் அங்கேயே இருக்கட்டும்."

இரண்டாவது தடவை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். பெடல் உதைத்தது. கார் அலறியது. காலை எடுக்கவில்லை. செங்கல் வருவதற்கு முன்பே கார் நின்றது.

மகள் கதவைத் திறந்து இறங்கினாள். காரின் முன்னால் போய் நின்று செங்கல்லைப் பார்த்தாள். காருக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இன்னொரு காரை நிறுத்தலாம். அதற்கு மேல் இல்லை. அந்த ஈர சிமென்ட்டில் நடந்து செங்கல் வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள்.

"இவ்வளவு தூரம்தானா?" என்றாள்.

மெக்கானிக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். "இவ்வளவுதான்."

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"நேத்திக்குப் போனேன். அங்க உட்கார்ந்திருக்கும்போதே புரிஞ்சுது. சொல்ல வாய் வரல."

"தூங்கறாரா அவரு?"

"இல்லன்னார். புத்தி பிசகிடுச்சோன்னு பயமா இருக்குன்னார்."

"அதையும் கேட்டுட்டு, சொல்லாம வந்தீங்க."

மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது. மகள் அவர் பக்கமாகச் சுற்றி வந்து கதவைத் திறந்து பிடித்தாள்.

"இறங்குங்கப்பா."

"நானும் வரேன். நானே என் வாயால சொல்லிடறேன்."

"இறங்குங்க."

இறங்கினார். அவள் ஏறி உட்கார்ந்து காரைத் திருப்பினாள். செங்கல்லைச் சுற்றிக்கொண்டு, மெதுவாக, கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறி, மாப்பிள்ளையின் அண்ணன் வீட்டுப் பக்கமாகத் திரும்பினாள். ஒரு தடவையாவது கண்ணாடியில் தன்னைப் பார்ப்பாள் என்று அவர் நின்றுகொண்டிருந்தார். பார்த்தாளா என்று தெரியவில்லை.

நனைந்துகொண்டே டயர் கடைக்கு நடந்தார். கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, வண்டி எங்க?"

"மக எடுத்துட்டுப் போயிருக்கா."

"சரி, போகட்டும். எப்போ வருவா?"

"வண்டிய யாராவது கொண்டுவந்து விடுவாங்க," என்றார் மெக்கானிக். "அவ வர மாட்டா."